கிருபைக்குக் குறித்த ஞாயிறு

திருப்பத்தூர்
2-5-1979

அன்புள்ள ரத்தினம் அக்காவுக்கு,

சாந்தம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலிருந்து கிளம்பி, ஜீப்பில் மலை இறங்கி, இருட்டுமுன் வீடு வந்து சேர்ந்தோம். சின்னவனுக்கு வழியெல்லாம் வாந்தி. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். இதோடு நிறுத்தியிருந்தால் நீயும் படித்து மடித்து வைத்துவிட்டு உன் வேலையைப் பார்த்திருப்பாய். எனக்கு நிறுத்த வரவில்லை.

எங்களை நீ நன்றாகத்தான் கவனித்தாய். குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும். சனிக்கிழமை போய் இறங்கியதுமே கோழி அடித்தாய், சாமைச் சோறு வடித்தாய், பலாச்சுளையைத் தேனில் போட்டுக் கொடுத்தாய். இவர் ஜீப்பில் ஏறுகிற வரைக்கும், "உங்கக்கா கொழம்பு மாதிரி நம்ம வூட்ல ஒரு நாள் கூட வந்தது இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டேன். என் பொறுமையை நீயும் கொஞ்சம் நினைத்துப் பார்.

கிருபை என் மகள். அதை உனக்கே எழுதிக் காட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பார்.

அவளுக்கென்று ஊரெல்லாம் அலைந்து ரோஸ் கவுன் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டுவிடலாம் என்று எடுத்தால், நீ தைத்த பச்சைப் பாவாடையோடு வாசலில் நிற்கிறாள். கவுன் குத்துகிறதாம். அது பிள்ளை சொன்னதா, நீ சொன்னதா?

சரி, கோயிலுக்குப் போனோம். உன் வீட்டுக்கார மாமாதான் ஆராதனை நடத்தினார். முடிக்கிற நேரத்தில், "இந்த வாரம் பொறந்தநாள் வச்சிருக்கற புள்ளைங்க முன்னால வாங்க. தாயும் கூட வரட்டும்" என்றார். நான் பாயில் உட்கார்ந்து சின்னவனுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலைப் பிள்ளைகளில் யாரோ என்று நினைத்தேன். எழுந்து போனது கிருபை. பின்னாலேயே வாழைச் சீப்போடு நீ.

என் பிள்ளை நவம்பரில் பிறந்தவள் அக்கா. அடை மழையில், சந்தவாசலில் நம் வீட்டில் பெற்றேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதே நீதான். மாமா வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார் போல என்றுதான் முதலில் பட்டது. ஆனால் கிருபை எங்கே நிற்க வேண்டும், எப்போது தலை குனிய வேண்டும் என்று தெரிந்து நின்றாள். இது முதல் வருஷம் இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. சபை முழுக்கப் பாடினது. நானும் பாடினேன். வேறு என்ன செய்வது?

வெளியே வந்ததும், இத்தனை நாள் என்னைப் பார்த்துச் சிரிப்பதோடு நின்ற மாதம்மாள் என்கிற அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாப்பாவுக்கு இன்னா ஒறவுங்க? மூஞ்சி அப்பிடியே இருக்குதே" என்று கேட்டாள். நான் "சித்தி" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. வெட்கம், ஆத்திரம், எல்லாம். நீ திரும்பிப் பார்த்தாய். இல்லை, இவள்தான் பெற்றவள் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வருமா என்று நான் நின்றுகொண்டிருந்தேன். நீ செருப்பைத் தேடினாய்.

ஜீப்பில் பாதி மலை இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏப்ரல் கடைசி ஞாயிறு. எனக்கு டி.பி. என்று டாக்டர் சொன்ன வருஷம், பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த ஞாயிறுதான். வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல், எட்ட நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனேன். அந்த நாளை என் மகளுக்குப் பிறந்தநாள் ஆக்கிவிட்டாய். அன்றைக்குத்தான் அவள் பிறந்தாள் என்றால் அதற்கு முன்னால் அவளைச் சுமந்தவள் யார்? செத்துப்போனவளா?

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறேன். மே மாதக் கடைசியில் பிள்ளையைக் கூட்டி வந்து விட்டுவிடு.

உன் தங்கை
சாந்தம்மாள்


புதூர்நாடு
9-5-1979

சாந்தத்துக்கு,

உன் கடிதம் வந்தது. மாமா பள்ளிக்கூடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டு, என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் படுத்தால் உன் பக்கம் என்று அர்த்தம்.

கவுன் குத்தவில்லை. நான்தான் சொன்னேன்.

ஞாயிறு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. கேட்டால் புளி உலுக்கின மாசம், சாமை அறுத்த மாசம் என்பார்கள். பிறந்தநாள் ஜெபம் என்று மாமா ஆரம்பித்தபோது ஆளுக்கொரு ஞாயிறு அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். மாதம்மாள் புளி முடிந்த அடுத்த ஞாயிறு. சடையன், பெண்சாதி தன் வீட்டுக்கு வாழ வந்த ஞாயிற்றையே தனக்கும் வைத்துக்கொண்டான். இது எங்கள் சபை வழக்கம். நீ டவுனில் இருப்பதால் சிரிப்பாக இருக்கும்.

நாங்கள் மலைக்கு வந்த மாசமே கிருபையும் வந்ததால் இங்கே எல்லோரும் அவளை என் பிள்ளை என்றே நினைத்தார்கள். அவளுக்கு இங்கே வந்த முதல் வருஷம் நவம்பரில்தான் வைத்தேன். நம்பினால் நம்பு. மாமா, "தாயும் கூட வரட்டும்" என்றார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அது நீ வலி எடுத்துக் கத்தின நாள். அதில் போய் நான் தாய் என்று எப்படி நிற்பது? பிள்ளை தனியாக நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள். அவள் திரும்பித் திரும்பி என்னைத் தேடி அழுதாள். அதற்கப்புறம்தான் வேறு ஞாயிறு கேட்டேன். எது என்று மாமா கேட்டார். வாயில் வந்தது அதுதான். எனக்குப் பிள்ளை வந்த நாள். உனக்குப் பிள்ளை போன நாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை சாந்தம். சத்தியமாகத் தோன்றவில்லை.

செருப்பைத் தேடினேன் என்று எழுதியிருக்கிறாய். செருப்பு என் காலில்தான் இருந்தது. நீ சித்தி என்று சொன்னதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை உனக்குக் காட்டக் கூடாது என்றுதான் குனிந்தேன்.

எரிச்சல் உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. சனிக்கிழமை சாயங்காலம் நீ அவளுக்குத் தலை வாரினாய். என்னிடம் சீப்பைக் கண்டாலே ஓடுகிறவள் உன் முழங்காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு குழம்பில் என்னென்ன போட்டேன் என்றே தெரியாது. உன் வீட்டுக்காரர் அருணகிரித் தம்பி ருசி என்று சொன்னது அந்தக் குழம்பைத்தான். அவரிடம் சொல்லாதே.

அவள் சிரித்தால் உன் பல் தெரிகிறது. கோபம் வந்தால் உன்னைப் போலவே மூக்கு விடைக்கிறது. சோறு ஊட்டுகிறது நான், காய்ச்சல் வந்தால் கண் விழிக்கிறது நான், முகம் மட்டும் உன்னுடையது. தினமும் உன்னைத்தான் குளிப்பாட்டுகிறேன். உனக்கு ஒரு பையன் இருக்கிறான். வேண்டுமானால் இன்னும் ஒன்று பெற்றுக்கொள்வாய். எனக்கு மாசா மாசம் என்ன ஆகிறது என்று உனக்குத் தெரியும்.

உடம்பு தேறி எத்தனை நாள் ஆயிற்று? அப்போதெல்லாம் வராத அவசரம் இப்போது என்ன? இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. மாமாதான் வாத்தியார்.

பிள்ளையை நான் கொண்டு வந்து விட மாட்டேன். விட்டுப் போனது நீ. வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.

ரத்தினம்


திருப்பத்தூர்
16-5-1979

அக்காவுக்கு,

உடம்பு தேறினதும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். வந்தேன். உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்ன மறு வாரமே மலை ஏறி வந்தேன். கிருபை என்னைப் பார்த்து உன் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீ அவள் முதுகைத் தட்டி, "பயப்படாதம்மா, அவங்க போய்டுவாங்க" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய். நானும் போய்விட்டேன். அதற்கப்புறம் சின்னவன் வயிற்றில் வந்தான். ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை ஏறி, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் இறங்கி, விருந்தாளி மாதிரிதான் என் மகளைப் பார்த்து வந்தேன். அவளுக்குப் பழகட்டும், பழகட்டும் என்று காத்திருந்ததில் எனக்குத்தான் அந்த வழக்கம் பழகிப்போனது.

உனக்குப் பிள்ளை இல்லாததற்கு நான் ஜெபம் பண்ணாத நாள் இல்லை. இப்போதும் பண்ணுகிறேன். ஆனால் அந்தக் குறையை என் பிள்ளையை வைத்து அடைக்க முடியாது. இதை இரண்டு தடவை எழுதி அடித்தேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மாமா பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. அதற்கப்புறம் எப்படியும் இங்கேதான் வர வேண்டும். அப்போது வந்தால் அவள் என்னை ஹாஸ்டல் வார்டனாகத்தான் பார்ப்பாள்.

இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். இவர் வரவில்லை. இந்தத் தடவை ஞாயிறு ஆராதனைக்கு இருக்க மாட்டேன். அன்றைக்கே இறங்கிவிடுவோம்.

சாந்தம்


புதூர்நாடு
21-5-1979

சாந்தத்துக்கு,

வா. துணிமணி கட்டி வைத்திருக்கிறேன். ரோஸ் கவுனும் அதில் இருக்கிறது.

நான் வீட்டில் இருக்க மாட்டேன். சடையன் தோட்டத்தில் பலாக்காய் இறக்குகிறார்கள், அங்கே போய்விடுவேன். மாமா பிள்ளையை உன் கையில் கொடுப்பார். என்னைத் தேடி வராதே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவே வராதே.

குப்புறப் படுப்பாள், புரட்டிவிடாதே, முழித்துக்கொள்வாள். புளி அதிகம் கொடுக்காதே. மாட்டுக்கும் நாய்க்கும் பயமில்லை. மோட்டார் சத்தம்தான் ஆகாது. ஜீப்பில் உன் மடியில் உட்கார வைத்துக் காதைப் பொத்திக்கொள்.

ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தினம்


திருப்பத்தூர்
20-6-1979

அக்காவுக்கு,

பிள்ளை நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. டீச்சர் அவளைப் பற்றி ஒரு குறை சொல்வதில்லை. பக்கத்து வீட்டு ராணியம்மாள், "இந்த மாதிரி அடக்கமான புள்ளைய நான் பாத்ததே இல்ல" என்று வாய் ஓயாமல் புகழ்கிறாள். அவள் ஆரம்பித்தாலே நான் உள்ளே போய்விடுகிறேன்.

அவள் அழவில்லை அக்கா. அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். வீம்பு பிடிப்பாள், சோறு தின்ன மாட்டாள், உன்னைக் கேட்டு உருளுவாள் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. "தண்ணி குடிக்கட்டுமா" என்று கேட்டுவிட்டுக் குடிக்கிறாள். "இங்க குந்தட்டுமா" என்று கேட்டுவிட்டு உட்காருகிறாள். சோறு போட்டால், "போதுங்க" என்கிறாள். ங்க போட்டு. சின்னவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தால்கூடச் சிரித்துக்கொண்டே விடுவிக்கிறாள். என்னைத் திருப்பத்தூர் அம்மா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். அதையாவது பொறுத்துக்கொள்வேன்.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் துணியையெல்லாம் மடித்து மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். எதற்கு என்றேன். "நாளைக்கிக் கோயிலு முடிஞ்சதும் கெளம்பணும் இல்ல?" என்றாள். ஒரம்பறைக்கு, விருந்தாளியாக வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே போவார்கள். நானே அப்படித்தானே போனேன், ஒவ்வொரு தடவையும். அவள் கண்ணால் பார்த்ததைச் செய்கிறாள். மூட்டையைப் பிரித்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரிய கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் என் கையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள்.

உன்னை நினைத்து எரிகிறேன். அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கிறது என்று எழுதினாயே, சீப்பைக் கண்டால் ஓடுவாள் என்று எழுதினாயே, அந்த ஓட்டத்துக்காக எரிகிறேன். என்னிடம் தலையைக் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு நீ அடுப்படியிலிருந்து பார்த்துப் பொறாமைப்பட்டது இதைத்தான். அதில் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை அக்கா. விருந்தாளி வீட்டில் தலையைப் பிடித்து இழுத்தாலும் பிள்ளைகள் சும்மாதான் இருக்கும்.

நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. வந்தால் சரியாகிவிடும் என்று இவர் சொல்கிறார்.

சாந்தம்


புதூர்நாடு
28-6-1979

சாந்தத்துக்கு,

நான் வர மாட்டேன். வந்தால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவாள். அதைப் பார்த்தால் நானும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். என்னை நம்பாதே.

கேட்காமல் எதையும் தொடாதே, போதுங்க என்று சொல், எதிர்த்துப் பேசாதே என்றெல்லாம் நான்தான் சொல்லி அனுப்பினேன். நல்ல பிள்ளை என்று பேர் எடுக்கட்டும் என்று ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. உன் வீடு அவளுக்கு எப்போதும் விருந்தாளி வீடாகவே இருக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு ஆசை. தலை வாரிக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். அவளும் ஓடாமல் கேட்டுக்கொண்டாள்.

அவள் இங்கே இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாதம்மாள் வந்து, "பாப்பா எப்ப வரும்" என்று கேட்கிறாள். ஊர் பார்க்கப் போயிருக்கிறாள் என்று அவளிடமும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கும்போது, சாந்தம்தான் பாப்பாவைப் பெற்றவள், அவளிடம் போய்விட்டாள் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மாதம்மாள் எதிரில் நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதே.

இதற்குக் கீழே இருப்பதைக் கிருபைக்குப் படித்துக் காட்டு. மாற்றாமல் படி.

கிருபைக்கு அம்மா சொல்லி எழுதுவது: நீ ஒரம்பறைக்குப் போகல. அது உன் வூடு. உன்னைப் பெத்தது அந்த அம்மாதான். நான் பெரியம்மா. ஊரு பாத்துட்டு வந்துடலாம்னு சொன்னது பொய். இனிமே சனிக்கிழமை மூட்டை கட்டாத. பசிச்சா எடுத்துத் தின்னு. யாரையும் கேக்க வேணாம்.

ரத்தினம்

இதைப் படித்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று உடனே எழுதாதே. கேட்காமல் அவளாக ஏதாவது செய்யும்போது எழுது. அது எனக்குச் சந்தோஷமாக இருக்காது. ஆனாலும் எழுது.


திருப்பத்தூர்
6-8-1979

அக்காவுக்கு,

நீ சொன்னபடி இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

உன் வரிகளைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் போய் மூலையில் உட்கார்ந்தாள். "எங்கம்மா பொய் சொல்லாது. நீங்களே எழுதிக்கினீங்க" என்றாள். ஆனால் சனிக்கிழமை வந்தது, மூட்டை கட்டவில்லை. அதற்காக நான் சந்தோஷப்படவும் இல்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், மத்தியானத்துக்கு வைத்திருந்த மொத்தப் பாலையும் குடித்துவிட்டாள். சின்னவனுக்கு ஒரு சொட்டு இல்லை. கேட்டதற்கு, நான் குடிக்கவில்லை, பூனை குடித்தது என்றாள். மேலுதட்டில் வெள்ளையாகப் பால். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. முதுகில் இரண்டு வைத்தேன். என் கையைக் கடித்தாள் அக்கா, பல் பதியக் கடித்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவே கேட்கிற மாதிரி ஓவென்று அழுகை. வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் நேற்றுத்தான் வெளியே வந்தது.

ராணியம்மாள் ஓடி வந்து, "யாரு கண்ணு அடிச்சா?" என்று கேட்டாள்.

கிருபை விக்கிக்கொண்டே, "எங்கம்மா" என்றாள். கை என்னைக் காட்டியது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்கு நாங்கள் யாரும் போகவில்லை.

கையில் காயம் இன்னும் எரிகிறது. பெரியம்மா எப்போது வரும் என்று இன்றைக்குக் காலையில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. இருந்தாலும் கேட்டதை எழுதிவிட்டேன். இனிமேல் நீ வரலாம் அக்கா. வா.

உன் தங்கை
சாந்தம்மாள்